அம்மாவுக்குப் பிறகு தம்பி எங்கே இருப்பான்? நாங்கள் எடைபோட்ட நான்கு வழிகள்

என் தம்பிக்கு 38 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடும் உண்டு. பேச்சு வராது. ஆமாம் என்றால் புருவத்தைத் தூக்குவான். வேண்டாம் என்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். கொருக்குப்பேட்டையில் தரைத்தள வீட்டில் அம்மாவோடு இருக்கிறான். நான் கல்யாணமாகிப் பெரம்பூரில் இருக்கிறேன். அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு 71.

போன வருஷம் ஒரு நாள், தம்பியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது அம்மாவின் முழங்கால் மடங்கிவிட்டது. இரண்டு பேரும் தரைக்கு வந்துவிட்டார்கள். நல்லவேளை, அடி பெரிதாக இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் டியூஷன் முடிந்து வருகிற வரைக்கும், முக்கால் மணி நேரம், அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். போன் மேசைமேல் இருந்தது, எட்டவில்லை. அன்று ராத்திரிதான், இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை அம்மாவே கேட்டார்: "எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பாங்க?"

சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள்: "ஹோம்ல விடப்போறீங்களா, வீட்லயே வெச்சுக்கப்போறீங்களா?" எட்டு மாசம் அலைந்த பிறகு, அந்தக் கேள்வியே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வழியை எடுத்தாலும், அதை அம்மா நடமாடும்போதே ஆரம்பிக்கிறோமா, அம்மா இல்லாத நாளில் ஆரம்பிக்கிறோமா என்பதுதான் பெரிய வித்தியாசம். ஒரே நாளில் அம்மா, வீடு, தெரு, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் கையைவிட்டுப் போனால் தம்பி தாங்கமாட்டான். இதே நிலைமையில் இருக்கிற குடும்பங்கள் வடசென்னையில் நிறைய உண்டு என்பதால், நாங்கள் பார்த்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன்.

முதலில் பணம். அது தெரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது. தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அதற்கு முன்பு 1,500. தம்பிக்கு இது வருகிறது. டயபருக்கும் வலிப்பு மாத்திரைக்கும் போக மிச்சம் நிற்காது. மத்திய அரசின் கீழ் இருக்கிற தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் வரை கிடைக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று இருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமில்லை, தெரபிக்கும் உண்டு.

எங்களுக்கு நிஜமான பிடிமானம் அப்பாவின் ரயில்வே வேலை. பெரம்பூர் லோகோ, கேரேஜ், ஐ.சி.எஃப். என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு இது தெரியாது: சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க வரும். 25 வயதோடு நிற்காது. அறிவுசார் குறைபாடு இருந்தால், அந்தப் பணத்தை யார் மூலமாகப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று பெற்றவர்களே நியமனம் எழுதிக் கொடுக்கலாம். அப்பா இருந்தபோதே இதைச் செய்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அம்மா கையெழுத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டோம். உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்குகிற அப்பா இருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள், பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதைத்தான் முதலில் செய்தோம். 24 மணி நேரமும் தங்கிப் பார்க்கிற ஆணுக்கு எங்களிடம் கேட்டது மாதம் 22,000. பகல் மட்டும் என்றால் 16,000. ஏஜென்சிக்கு கமிஷன் தனி. ஐந்து மாசத்தில் மூன்று பேர் மாறினார்கள். பெண்கள் கிடைக்கிறார்கள், ஆனால் 52 கிலோ ஆண்பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆண்தான் வேண்டும். அப்படி வருபவர்களுக்கு வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்தச் சம்பளத்துக்கு இந்த வேலை கடினமானது.

இரண்டாவதாக வந்தவர் தம்பியைப் படுக்க வைத்தே ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போய் வந்தபோதுதான் பார்த்தார். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு விழுங்குவது சிரமம். படுத்தபடி ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகலாம். உயிருக்கே ஆபத்து. நேராக உட்கார வைத்து, கழுத்து பின்னால் சாயாமல், தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுக்க வேண்டும். இதை அம்மா பார்த்ததால் தெரிந்தது. அம்மா இல்லாத வீட்டில் யார் பார்ப்பார்கள்? ஆள் வைப்பதில் இருக்கிற ஓட்டை இதுதான். ஆள் தம்பியைப் பார்த்துக்கொள்வார், ஆளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

அதற்காக இந்த வழியைத் தள்ளிவிடவும் முடியவில்லை. காரணம் எங்கள் தெரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. கட்டில் காலில் பாதி முழுகியிருந்தபோது, தெருப் பையன்கள் நாலு பேர் கேட்காமலேயே வந்து, தம்பியைப் பெட்ஷீட்டில் தொட்டில்போல ஏந்தி மாடி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அங்கேதான் இருந்தான். மாடி வீட்டு அக்கா அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். காலையில் வாசலில் வீல்சேரைப் போட்டால் பால்காரர், மீன்கார அம்மா, ஸ்கூல் பிள்ளைகள் என்று எல்லாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். எந்த இல்லத்திலும் காசு கொடுத்து இதை வாங்க முடியாது.

இரண்டாவது வழி, நான் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்வது. ஊரில் எல்லாரும் எதிர்பார்ப்பது இதைத்தான், அதுவும் அக்கா என்றால் கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் மனசார ஒத்துக்கொண்டார். ஆனால் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அங்கே வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் தம்பி வெயிலைப் பார்ப்பான். தரைத்தளத்தில் வீடு மாற்றலாம், நாங்களே கொருக்குப்பேட்டைக்குப் போய்விடலாம் என்றெல்லாம் பேசினோம். அப்புறம் ஒரு நாள் கணக்குப் போட்டேன். எனக்கு 47. அம்மாவின் இன்றைய வயது எனக்கு வரும்போது தம்பிக்கு 62 ஆகும். அன்றைக்கு இதே கேள்வியை என் மகள் முன்னால் வைப்பேன். அது தீர்வு இல்லை, 24 வருஷம் தள்ளிப்போடுவதுதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இரண்டு மூன்று ராத்திரி அழுதிருக்கிறேன். ஆனால் அண்ணன், அக்கா, தங்கை என்று கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பகல் நேர மையம். காலையில் போய் மாலையில் திரும்புவது. எல்லா வழிகளிலும் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது இதுதான், தேடி அலையவைத்ததும் இதுதான். பேர்பெற்ற அமைப்புகள் எல்லாம் தெற்கே இருக்கின்றன. வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில். பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில். மணலியிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையைத் தினமும் முட்டுக்காட்டுக்குக் கூட்டிப்போக யாரால் முடியும்? ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் நமக்குப் பக்கம்தான். சான்றிதழுக்கும் சிகிச்சைக்கும் அங்கே போகலாம். ஆனால் பெரியவர்கள் பகல் முழுக்க இருக்கிற இடம் அது இல்லை. அரசு இப்போது உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' மையங்களைத் திறந்து வருகிறது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். நல்ல விஷயம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் தெரபிக்கு ஒரு மணி நேரம் போய் வருவது வேறு, பகலைக் கழிப்பது வேறு. மையத்தைத் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் குழம்பினேன்.

கடைசியில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மையம் அகப்பட்டது. பதினாலு பேர், எல்லாரும் 18 வயதைத் தாண்டியவர்கள். அதற்கு முன்னால் பார்த்த மையம் இன்னும் பெரியது, சுவரெல்லாம் படம், ஏசி வேறு. எனக்கும் அம்மாவுக்கும் அதுதான் பிடித்தது. தம்பியை உள்ளே கொண்டுபோன இரண்டாவது நிமிஷம் முகத்தைத் திருப்பினான். புது இடம், பழகிவிடும் என்று நினைத்து மறுநாளும் போனோம். மறுபடியும் சுவர்ப் பக்கம். சின்ன மையத்தில் யாரோ இரண்டு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரைக்கர் பலகையில் மோதுகிற சத்தம் கேட்டதும் தம்பி கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு தடவை மோதியது, சிரித்தான். அங்கே இருந்த டீச்சர் நேராக அவனிடம் வந்து, எங்களைப் பார்க்காமல், "நாளைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். 38 வயதில் அவனை யாரும் 'வர்றீங்களா' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. புருவம் மேலே போனது.

ஆட்டோ மாதம் 4,500 ஆகிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் அரைமணி தாமதம். மழை என்றால் லீவு. சனி ஞாயிறும் ராத்திரியும் அம்மா தலையில்தான். பகல் மையம் முழு விடை இல்லை. ஆனால் அம்மா இல்லாமல் தினம் ஆறு மணி நேரம் இருக்க அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். வேறு ஒரு கை ஊட்டினாலும் சாப்பிடுகிறான். அம்மா மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குகிறார். 38 வருஷத்தில் அது புதுசு.

நான்காவது, தங்கும் இல்லம். இதைப் பற்றிப் பேசினாலே குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது. அதனால்தான் பல குடும்பங்கள் கடைசி நிமிஷம் வரைக்கும் பார்க்கவே போவதில்லை. அப்புறம் அவசரத்தில் கிடைத்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் விடுவதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது, வேறு வழி தெரியாத குடும்பங்கள்தான். அதை மறக்காமல்தான் நான் ஒவ்வொரு இல்லத்தின் வாசலையும் மிதித்தேன்.

நான்கு இல்லங்கள் பார்த்தோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாது. அதை முதலில் கேளுங்கள். ஆனால் சான்று மட்டும் போதாது. சொல்லிவிட்டு ஒரு தடவை போங்கள், சொல்லாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு தடவை போங்கள். நான் அங்கே இருக்கிறவர்களின் நகங்களைப் பார்த்தேன். நகம் வெட்டியிருந்தால் ஒவ்வொருவர் கையையும் யாரோ பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போட்டிருக்கிற சட்டை அவரவர் அளவில் இருக்கிறதா, பொதுக் குவியலிலிருந்து எடுத்துப் போட்டதா என்று பார்த்தேன். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேட்டேன். ஓர் இல்லத்தில் 40 பேருக்கு ஒருவர் என்றார்கள். அதோடு கிளம்பிவிட்டோம். இன்னோர் இல்லம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சேர்த்த முதல் மூன்று மாசம் வீட்டார் யாரும் வரக் கூடாது, அப்போதுதான் பழகுவார்கள் என்றார்கள். பேசத் தெரியாத ஒருவரை மூன்று மாசம் யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடம் எதுவானாலும், அங்கே உங்கள் பிள்ளையை விடாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

எனக்குப் பிடித்த வடிவம் ஒன்று உண்டு. மொகப்பேரில் இருக்கிற 'தி பேன்யன்' (The Banyan) தொண்டு அமைப்பு, நீண்ட காலம் மனநோயோடு இருந்தவர்களுக்காக, சாதாரணத் தெருவில் சாதாரண வீடு எடுத்து நாலைந்து பேரைச் சேர்ந்து வாழ வைக்கிறது. கூட உதவியாளர்களும் இருப்பார்கள். தம்பி போன்றவர்களுக்கும் அப்படி ஒரு வீடு கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருந்தால், இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். மையத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற மூன்று குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன், நாமே சேர்ந்து வீடு எடுத்தால் என்ன என்று. பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

எந்த வழிக்கும் பொதுவானது காகித வேலை. பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால், அறிவுசார் குறைபாடு இருந்தாலும், பெற்றவர்கள் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டார்கள். நான் சொன்ன அந்த நான்கு குறைபாடுகளுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் நியமனம் வாங்கலாம். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேர் கொண்ட உள்ளூர் குழு விசாரித்துக் கொடுக்கும். நமக்கு ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைதான். திருவொற்றியூர், மாதவரம் பக்கம் இருப்பவர்கள் 2018-க்கு முன்னால் திருவள்ளூர் மாவட்டம். பழைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் மாவட்டம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாவலர் என்றால் சொத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று என் சித்தப்பா பயந்தார். சட்டம் அப்படி இல்லை. ஆறு மாசத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுமையோ அலட்சியமோ நடந்தால் சொந்தக்காரர்கள் மனு போட்டு மாற்றவும் முடியும். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு 2017 மனநலச் சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று வேறு ஏற்பாடு இருக்கிறது.

வீட்டை என் பெயருக்கு எழுதிவிட்டு "நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிடலாம் என்பது அம்மாவின் எண்ணம். வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "இவங்க தம்பிக்கு முன்னாடி போயிட்டா?" அப்படி நடந்தால் வீடு என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் போகும், தம்பிக்கு அதில் எழுத்துப்படி எதுவும் இருக்காது. அதனால் அம்மா உயிலில், தம்பி நலனுக்கென்று ஒரு டிரஸ்ட் வைத்து வீட்டை அதில் விடப்போகிறார். டிரஸ்டியாக நானும், குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவரும்.

இதெல்லாம் போக, அம்மா தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயங்கள் இருக்கின்றன. ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். இட்லியை சாம்பாரில் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், சட்னி புரையேறும். இடது கையைத் தூக்கிச் சட்டை போடக் கூடாது, முதலில் இடது கையை நுழைத்துவிட்டு அப்புறம் வலது. 'ம்ம்ம்' என்று இழுத்தால் மூத்திரம், விட்டுவிட்டுச் சொன்னால் கால் வலி. வலிப்பு வரும் முன்னால் உதட்டைச் சப்புவான். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் காத்திருக்காமல் ஸ்டான்லிக்கு. 31 பக்கம் ஆகியிருக்கிறது.

இப்போதைக்கு நாங்கள் எடுத்திருக்கிற முடிவு ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. வாரம் ஐந்து நாள் பகல் மையம். காலையில் குளிப்பாட்டி உடுத்த மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆள், எட்டாயிரம் ரூபாய். வேலை குறைவாக இருப்பதால் அவர் நிலைத்திருக்கிறார். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வீடியோ கால். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, நான்கில் எங்களுக்குப் பிடித்த ஓர் இல்லத்தில் மூன்று ராத்திரி தங்கிப் பார்ப்பது. எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று சொன்ன ஒரே இல்லம் அது. முதல் தடவை அம்மாவும் கூடவே தங்கினார். இரண்டாவது தடவை பகலில் மட்டும் இருந்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வந்தும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த மாசம் மூன்றாவது தடவை. அம்மா போகப்போவதில்லை, நான் மட்டும் கொண்டுபோய் விட்டு வருகிறேன். பையில் அவனுடைய குழித்தட்டு, கம்பளி, நோட்டின் ஜெராக்ஸ் எல்லாம் வைத்தாயிற்று. போகலாமா என்று நேற்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். புருவத்தைத் தூக்கவும் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. இந்த வாரம் மறுபடியும் கேட்பேன்.